பாதி இழுத்துவிட்ட வயர்

வெள்ளக்குட்டி,

கரிச்சட்டி போல் பிறந்த உனக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான். பிள்ளை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ வளர்ந்து, மீசை முளைத்து, சொந்தக் கடை வைத்த பிறகும் பின் வளவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். "அம்மா, ஆக்கள் நிக்கிறாங்க, மானத்த வாங்காதீங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருவாய். இனி எவ்வளவு கூப்பிட்டாலும் உன் மானம் போகாது. நீ செத்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. போன கிழமை ஆண்டுத் திவசம் கொடுத்தோம். உனக்குப் பிடித்தது எல்லாம் படைத்தோம். காகம் வந்து தின்றது. வாழையிலையைக் கோழி கிளறியது. நீ வந்தாயோ இல்லையோ எனக்குத் தெரியாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஊராருடைய விண்ணப்பங்களில் எழுத்துப் பிழை பார்த்துத் திருத்திக் கொடுத்தவன் நீ. இதை உன் தங்கச்சி மலர்தான் திருத்தப் போகிறாள். திருத்துகிறபோது அவளும் படிக்கத்தான் வேண்டும். மருமகன் படிக்கட்டும். ஆரையம்பதி ஊர் முழுக்கப் படித்தாலும் சரி. மகனுக்குக் கடிதம் எழுதுகிற தாய்மார் இப்படி நட, இப்படிக் குடும்பம் நடத்து என்று புத்தி சொல்லி எழுதுவார்களாம். செத்தவனுக்கு என்ன புத்தி சொல்கிறது? நான் சொல்ல வந்தது ஒன்றுதான். முன்னறைக் கொம்பியூட்டரும் பின்னறைக் கொம்பியூட்டரும் ஒன்றையொன்று காணாமல் நின்ற அந்த மூன்று நாளும் மிசினில் பிழை இருக்கவில்லை. பிழை நான். வயரை இழுத்துவிட்டவள் நான்.

வெளியாருக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவார், வந்து அந்த வீட்டில்தான் இருப்பார். பெற்றவர்கள் அதே வளவின் பின்பக்கம் சின்னதாய் ஒரு கூரை போட்டு ஒதுங்கிவிடுவார்கள். ஆண் பிள்ளை கலியாணம் கட்டும் வரைக்கும் தாயோடு, கட்டினால் கட்டினவளின் வீட்டில். மலரின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டது வாவியில் வலை வீசிய உன் அப்பா. அதோடு அவர் கண்ணை மூடிவிட்டார். சுவர், கூரை, நிலைக் கதவு, சீமெந்து நிலம் எல்லாம் நீ. உன் வயதுப் பொடியன்கள் கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்ற காலத்தில் நீ சீமெந்துக்கும் கம்பிக்கும் உழைத்தாய். மலரின் பெயரில் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிய அன்று சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, "இனி நான் குடியிருக்கிற ஆள், அம்மா வீட்டுக்காரிட தாய்" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

உன் கடை அந்த வீட்டின் முன்னறையில்தான் நடந்தது. மலரின் கலியாணத்துக்கு முதலும் அங்கேதான், பிறகும் அங்கேதான். வீதியைப் பார்த்த அறை அது ஒன்றுதான். அங்கே இருந்த கொம்பியூட்டரில் ஆட்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுப்பாய், விண்ணப்பம் அடிப்பாய். வீதிப் புழுதிக்குப் பயந்து நல்ல கொம்பியூட்டரையும் கலர்ப் பிரிண்டரையும் என் சின்ன வீட்டில் நீ படுக்கிற பின்னறையில் வைத்திருந்தாய். மலர் வீட்டு மண்டபத்தில் இன்டர்நெட் பெட்டி ஒன்று. அதிலிருந்து மஞ்சள் வயர் ஒன்று கறுப்புக் குழாய்க்குள்ளால் வளவைக் கடந்து என் குசினிக்குள் வரும். குசினிச் சுவரில், அரிசி வாளிக்கு மேலே, பச்சை விளக்கு மினுங்குகிற சின்னப் பெட்டி ஒன்று. அதிலிருந்து இன்னொரு வயர் உன் அறைக்கு. முன்னால் நீ படம் எடுத்தால் பின்னால் ஆளில்லாத அறையில் பிரிண்டர் தானாக இரையும். முதல் முதல் கேட்டபோது பேய் என்று விளக்குமாற்றோடு போனேன். நீ மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

மருமகன் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், குடியில்லை, வெற்றிலை கூடப் போடமாட்டார். ஆனால் கணக்குப் படிப்பிக்கிறவருக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும். ஒரு நாள் நான் நெத்தலி காயவிட்டுக்கொண்டு இருந்தபோது வந்து பக்கத்தில் நின்றார்.

"மாமி, ஒண்டு கேக்கட்டா? இது ஆர்ட வீடு?"

"இதென்ன கேள்வி மருமகன், உங்கட வீடுதான்."

"அப்ப ஏன் மாமி என்ட வீட்டு முன்னறையில எனக்குச் செருப்புக் கழட்டி வைக்க இடமில்ல? சேட்டுப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தா, வாறவன் போறவன் எல்லாம் என்னட்டக் கேக்கிறான், போட்டோக்கொப்பி ஒண்டு எவ்வளவு எண்டு. நான் அந்த அறையில பின்னேர வகுப்பு ஒண்டு வைக்கலாம். சரி, அத விடுங்க. எங்கட அம்மாட வீட்டில அறை சும்மாதான் கிடக்கு. மலரக் கூட்டிக்கொண்டு வெல்லாவெளிக்குப் போறன்."

வெளியூர்க்காரருக்கு இது ஒரு பெரிய சொல்லாகத் தெரியாது. கலியாணம் கட்டினவள் புருசன் வீட்டுக்குப் போனால் என்ன என்று கேட்பார்கள். எங்களுக்கு அது அடி. வீட்டையும் கொடுத்து, கொடுத்த வீட்டில் மகளை வைத்திருக்கத் தெரியாதவள் என்று கோயில் வீதியில் கதைப்பார்கள். மாமியாரின் குசினியில் என் மகள் மீன் வெட்டுவதா? உன்னிடம் நேரே வந்து, மனே, அறையை விட்டுக் கொடு என்று சொல்லியிருக்கலாம். நீ விட்டுக் கொடுத்திருப்பாய். அதுதான் எனக்குப் பயம். வீட்டைக் கட்டினவனைப் பார்த்து வெளியே போ என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கை வந்தது.

கைக்கு வழி காட்டினதும் நீதான். அந்தக் கிழமை மருமகன் தன் போனுக்கென்று இன்னொரு பெட்டி வாங்கி வைத்தார். மறுநாள் உன் இரண்டு கொம்பியூட்டரும் ஒன்றையொன்று காணவில்லை. நீ அரை மணித்தியாலம் தேடினாய். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய், எனக்கு என்ன விளங்கும் என்று கூட யோசிக்காமல். "இஞ்ச பாருங்கம்மா. ஒவ்வொரு மிசினுக்கும் ஒரு விலாசம் இரிக்கு. தெருவும் ஒழுங்கையும் ஒண்டா இரிக்கணும், வீட்டு நம்பர் மட்டும் வேற வேறயா இரிக்கணும். அப்பதான் ஒண்ட ஒண்டு காணும். முன்னுக்குக் கிடக்கிறவர் வயர விட்டிட்டு மச்சான்ட பெட்டிக்குத் தாவியிட்டார். வேற ஒழுங்கைக்குக் குடி போயிட்டார்." தட்டினாய், மாற்றினாய், பின்னறைப் பிரிண்டர் இரைந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "இது இப்பிடியே ரெண்டு மூணு நாளைக்கு நிண்டா இஞ்ச கடை வைக்க ஏலாம்மா. வேற இடம் பார்க்கத்தான் வேணும்." நீ சும்மா சொன்னாய். நான் சும்மா கேட்கவில்லை.

அடுத்த நாள் வெள்ளெனவே அரிசி எடுக்கப் போனவள், அந்த மஞ்சள் வயரைப் பிடித்துப் பாதி இழுத்துவிட்டேன். முழுக்கக் கழற்றவில்லை. கழற்றினால் நீ வந்த உடனே கண்டுவிடுவாய். துளைக்குள் இருக்கிற மாதிரியே தெரியும், ஆனால் அந்தச் சின்னக் கொளுக்கி கடிக்காது. அதற்குரிய பச்சை விளக்கு அணைந்துவிடும். உன் அறைக்குப் போகிற வயரைத் தொடவில்லை, அதனால் பின்னறைக் கொம்பியூட்டரில் விளக்கு எரிந்தபடியே இருக்கும். மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கு இது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கலாம். அந்தப் பெட்டியைத் தூசி தட்டினவள் நான். எதை இழுத்தால் எது அணையும் என்று எனக்குத் தெரியும்.

நீ தேடிய ஒழுங்கு இப்போதும் எனக்குப் பாடம். முதலில் இரண்டும் விழித்திருக்கின்றனவா என்று பார்த்தாய். தூங்குகிற மிசினை மற்றது காணாதாம். பிறகு முன்னறை வயர், மண்டபப் பெட்டி. அணைத்துவிட்டு, பத்து எண்ணி, திரும்பப் போட்டாய். பிறகு விலாசம். "பின்னுக்குக் கிடக்கிறவருக்கு விலாசம் குடுக்க ஆளில்ல, தானே ஒண்ட வச்சிக்கொண்டு இரிக்கிறார்" என்றாய். இது வீட்டுக்காரர் வலையா, வெளியார் வலையா என்று மிசின் கேட்குமாம். வெளியார் என்று இருந்தால் முகம் காட்டாதாம். அதையும் மாற்றினாய். வெளியாரை மறிக்க மிசினுக்குள்ளே இருக்கிற காவல்காரனைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தாய். கடைசியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கூப்பிட்டுப் பார்த்தாய். நாலு தரம் கூப்பிடும், நாலு தரம் பதில் வர வேண்டும். ஒன்றும் வரவில்லை.

குசினிக்கும் வந்தாய். வராமல் இருப்பாயா, கெட்டிக்காரன் அல்லவா. வளவு மணலில் உன் செருப்புச் சத்தம் கேட்கும். நீ கதவடிக்கு வருவதற்குள் நான் வயரைத் தள்ளிவிடுவேன், டிக் என்று கடிக்கும், பச்சை மினுங்கும். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "குசினிப் பெட்டியில பிழையில்ல" என்பாய். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ மனே" என்பேன். குடித்துவிட்டுப் போவாய். நீ முன்னறைப் படியில் கால் வைக்கும்போது நான் திரும்ப இழுத்துவிடுவேன். "பார்க்கப் போனா காணுது, திரும்பினாக் காணுதில்ல. எனக்கென்ன பைத்தியமா அம்மா?" என்று என்னையே கேட்டாய். நான் உன் தலையைத் தடவி, "கண்ணூறு மனே, செத்தல் மிளகாய் சுத்திப் போடுறன்" என்றேன். சுற்றியும் போட்டேன். மிளகாய் வெடித்தது. கண்ணூறுதான் என்று நீயும் கொஞ்சம் நம்பினாய்.

அது பரீட்சை விண்ணப்பக் காலம். கடை நிறைய ஆட்கள். படத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு முன்னறையிலிருந்து பின்னறைக்கு ஓடினாய், அச்சடித்துக்கொண்டு திரும்ப ஓடினாய். இரண்டாம் நாள் மழை. சட்டைக்குள் படத்தை ஒளித்துக்கொண்டு ஓடினாய். "என்ன தம்பி, உங்கட கடையில படம் நடந்தா வருது?" என்று யாரோ கேட்க எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மருமகன் வாசலில் நின்று பார்த்தார். நான் குசினி யன்னலால் பார்த்தேன். பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். இன்னும் ஒரு நாள், இவன் களைத்து, வேற இடம் பார்க்கப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன்.

அன்று பின்னேரம் வேறு வழி தெரியாமல் முன்னறைக் கொம்பியூட்டருக்குள் இருந்ததை முழுக்க அழித்துப் புதிதாக எல்லாம் போட்டாய். முடித்த பிறகுதான் உனக்கு ஞாபகம் வந்தது. அப்பா தோணியில் நின்று, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் அதற்குள் இருந்தது. அந்த மனிசனுடைய சிரித்த படம் அது ஒன்றுதான். பின்னறை மிசினில் இன்னொரு கொப்பி இருக்கும் என்று நினைத்தாய், இருக்கவில்லை. பின்னறைக் கதிரையில் குந்தினவன் எழும்பவில்லை. சோறு போட்டு வைத்தேன், தின்னவில்லை. அதைப் பார்த்த பிறகும் மூன்றாம் நாள் காலையில் நான் அந்த வயரை இழுத்தேன். இதை எழுதுவதற்குத்தான் மூன்று தரம் பேனையை வைத்துவிட்டு எடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை மீன்காரனின் ஹோன் சத்தம் கேட்டு ஒழுங்கைக்குப் போய் இறால் வாங்கிக்கொண்டு வந்தேன். நீ என் குசினியில், நான் தேங்காய் துருவுகிற பலகையில் குந்தியிருந்தாய். மேலே பெட்டியை அண்ணாந்து பார்க்க எனக்குப் பயம். பார்க்கவில்லை.

"அம்மா, குசினிக்குள்ள எலி வாறதா?"

"ஓம், வரும். ஏன்?"

"எலி எண்டா கடிச்சுத்தானே விடும். கழட்டி வைக்குமா?"

நீ கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நான் அழுது தப்பியிருப்பேன். கடையில் ஆட்களிடம் பெயர் கேட்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டாய். பிடிபட்ட மனிசிக்கு இரண்டு வழிதான், ஒன்று காலில் விழுவது, மற்றது பாய்வது. நான் பாய்ந்தேன். "உன்ட மிசினுக்கு நான் காவலாடா? வயசு முப்பத்தொண்டு. ஒருத்தியக் கட்டி அவள்ட வீட்டுக்குப் போக வக்கில்ல. தங்கச்சிக்குக் குடுத்த வீட்டுக்குள்ள குந்திக்கொண்டு, எலியாம் பூனையாம். ஆம்பிளைக்கு இந்த வளவில என்னடா வேல?" என்றேன். நீ ஏன் கட்டவில்லை என்று எனக்குத் தெரியும். எவளுடைய வீட்டுச் சுவரை எழுப்புவதற்காக உன் வயது போனது என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். எந்த இடத்தில் குத்தினால் இரத்தம் வரும் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும்.

நீ எழும்பினாய். மண்பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாய். வெளியே போய் முன்னறைச் சுவரடியில் நின்று வேலியோரமாக ஒரு காலுக்கு முன் மற்றக் காலை வைத்து எண்ணி எண்ணி நடந்தாய். கிணற்றடி, முருங்கை மரம், கோழிக்கூடு, பின்னால் சுற்றி உன் அறை யன்னல் வரைக்கும். விசர் பிடித்தவன் மாதிரி நடக்கிறான் என்று யன்னலால் பார்த்தேன். பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய். "அம்மா, போயிட்டு வாறன்." நான் இறால் உரித்துக்கொண்டு இருந்தேன். மெல்லமாப் போ மனே என்று தினமும் சொல்கிற வாய். அன்றைக்கு அதை விழுங்கினேன். கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு போனாய்.

மத்தியானம், வீடு வர இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது, வாவிக்கரை வளைவில், மணல் ஏற்றி வந்த டிப்பர். அதைப் பற்றி எனக்கு எழுத ஒன்றுமில்லை. இறால் கறி அடுப்பில் இருந்தது. அதைச் சட்டியோடு யாரோ கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

செத்த வீட்டில் எட்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. அயலவர்கள் சோறு கொண்டுவந்தார்கள். எட்டாம் நாள் உனக்குப் படைக்க அரிசி எடுக்கக் குசினிக்குள் போனேன். வாளிக்கு மேலே பார்த்தேன். நான் பாதி இழுத்து வைத்த மஞ்சள் வயர் பாதியில் இல்லை. முழுக்கக் கழற்றி, வட்டமாகச் சுருட்டி, என் பழைய சீலைக் கிழிசலால் ஒரு கட்டுப் போட்டு, சுளகு மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டிருந்தது. எந்த வயரையும் நீ அப்படித்தான் சுருட்டுவாய். ஊரில் வேறு யாரும் அந்தக் கட்டுப் போடமாட்டார்கள். நான் மீன்காரனிடம் விலை பேசிக்கொண்டு நின்ற நேரத்தில் நீ கண்டுபிடித்து, கழற்றி, கட்டி, தொங்கவிட்டு, பிறகு என் பலகையில் குந்தியிருந்து எலியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய்.

உனக்கு இது சின்ன வயதிலேயே உள்ள குணம். பத்து வயதில் நீ வாவிக்கு ஓடுகிறாய் என்று உன் இடது செருப்பை நான் விறகுக்குள் ஒளித்து வைத்தேன். நாள் முழுக்கத் தேடினாய். பிறகு தேடுவதை விட்டுவிட்டு ஒரு கிழமை வெறுங்காலோடு திரிந்தாய். சிப்பி வெட்டிக் கால் வீங்கி, மருந்து கட்டுகிறபோது, "தேடிக் காணல்லையாடா?" என்று கேட்டேன். "கண்டனே. நீங்க ஒளிச்சு வச்சது. நீங்களே எடுத்துத் தருவீங்க எண்டு பார்த்தன்" என்றாய். அன்றைக்கு உன் முதுகில் இரண்டு போட்டேன். நோகத்தான் போட்டேன். பொறுமையாக இருக்கிறவன் நல்லவன் என்று எல்லாரும் உன்னைச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். கண்டுபிடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு, செய்தவள் தானாக வந்து ஒப்புக்கொள்ளட்டும் என்று வெறுங்காலோடு நடக்கிறவனும் கொடுமைக்காரன்தான், மனே. அதை என்னிடமிருந்துதான் எடுத்திருப்பாய்.

பொலிஸ் தந்த பையில் உன் பேர்ஸும், போனும், பிரிக்காத புது வயர்ச் சுருள் ஒன்றும் இருந்தன. வயரைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன். மஞ்சள் வயர் பழுதென்று நினைத்து வேறு வாங்கியிருப்பான், அப்படியென்றால் அவனுக்கு முழுக்கத் தெரியாது, எலி என்றே நம்பியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆணியில் தொங்கிய கட்டைப் பார்த்த பிறகும் சொல்லிக்கொண்டேன். ஒரு வருடம் அந்தப் பொய்யில்தான் சோறு தின்றேன்.

முன்னறை பூட்டியே கிடந்தது. மருமகன் அந்தப் பக்கம் போகவில்லை, வகுப்பும் வைக்கவில்லை. வெல்லாவெளிப் பேச்சும் இல்லை. உன்னை விரட்டி நான் வாங்கிக் கொடுத்த அறை யாருக்கும் வேண்டாமல் போய்விட்டது. திவசம் முடிந்த மறுநாள் மலர் உன் கூட்டாளி றியாஸைக் காத்தான்குடியிலிருந்து கூப்பிட்டாள், மிசின்களைக் கொண்டுபோய் யாருக்காவது பயன்படுகிற மாதிரிச் செய்யச் சொல்லி. நான் கட்டிலுக்குக் கீழே கிடந்த சுருளை எடுத்து, "இதையும் கொண்டு போ மனே" என்று அவனிடம் கொடுத்தேன். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, இது அண்டைக்கு என்ட கடையில வாங்கின. இவ்வளவு நீளம் எதுக்குடா, உன்ட வளவுக்குள்ள கோழி ஓடுற தூரம்தானே எண்டு கேட்டன். அம்மாட குசினியால போகாம வேலியோட சுத்திப் போடப் போறன் எண்டான்."

நான் நிலத்தில் குந்திவிட்டேன்.

"சிரிச்சுக்கொண்டு சொன்னவனா? கோவமாச் சொன்னவனா? முகம் எப்பிடி இரிந்த?"

"எனக்குத் தெரியல்லம்மா. ஹெல்மெட் கழட்டல்ல. கண்ணாடியும் இறக்கித்தான் இரிந்த. அவசரமா வந்தான், அவசரமாப் போயிட்டான்."

நான் அந்த வயரைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். "இப்ப எதுக்கம்மா, கழட்டிக் கொண்டு போற சாமானுக்கு?" என்றாள் மலர். "போடச் சொன்னாப் போடு" என்றேன். நானும் பிடித்தேன். மண்டபப் பெட்டியில் தொடங்கி, முன்னறைச் சுவரடி, வேலியோரம், கிணற்றடி, முருங்கை, கோழிக்கூடு. நீ எண்ணி நடந்த வழி எனக்குத் தெரியும், றியாஸுக்கு நான்தான் காட்டினேன். உன் யன்னலால் உள்ளே விட்டபோது ஒரு முழம் மிச்சம் இருந்தது. நீ எதை அளந்தாலும் ஒரு முழம் கூட்டித்தான் அளப்பாய். றியாஸ் இரண்டு பக்கமும் மாட்டினான். முன்னறைக்குப் போய், நீ செய்கிற மாதிரி, ஒன்றிலிருந்து மற்றதைக் கூப்பிட்டான். நான் அவனுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். நாலு தரம் கூப்பிட்டது, நாலு தரமும் பதில் வந்தது. "காணுதும்மா, ரெண்டும் காணுது" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த மிசின்கள், மனே. என் குசினியைத் தொடாமல் போனால் அவற்றுக்கு ஒரு பிழையும் இல்லை.

புத்தி சொல்லமாட்டேன் என்று தொடங்கினேன், ஆனால் தாய்க்கு வாய் அடங்காது. பிழை தேடுகிறவன் வயரையும் பெட்டியையும் பார்த்தால் மட்டும் போதாது, பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறவளின் கையையும் பார்க்க வேண்டும். நீ பார்த்தாய், பிந்திப் பார்த்தாய். மலர், இதைத் திருத்துகிறபோது உனக்கும் சொல்கிறேன், உன் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லு. வெளியே போ என்றாலும் வாயால் சொல்லு.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கிவிட்டது. நீ போகிறவனாக இருக்கவில்லை. தாய் விரட்டுகிறாள் என்று தெரிந்த பிறகும் இந்த வளவுக்குள் இருக்கத்தான் வயர் வாங்கினாய். ஆனால் என்னைச் சுற்றிக்கொண்டு போக வாங்கினாய். அம்மா இதோடு பட்டது போதும், அவளுக்கு அந்த வயர் கண்ணில் படாமல் இருக்கட்டும், இனி இழுக்கவும் வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம் என்று நினைத்தாயா? அல்லது இந்த மனிசியின் கை எட்டுகிற இடத்தில் என்னுடையது ஒன்றும் இனிக் கிடக்கக் கூடாது என்று நினைத்தாயா? இரண்டுக்கும் அதே வயர்தான், அதே நீளம்தான். மஞ்சள் வயர் இன்னும் ஆணியில் தொங்குகிறது. நீ போட்ட கட்டை நான் அவிழ்க்கவில்லை. அரிசி எடுக்கப் போகிற நேரம் எல்லாம் அதைப் பார்த்துத்தான் கேட்கிறேன், இப்போது எழுத்திலும் கேட்கிறேன்.

அந்தக் கண்ணாடிக்குள்ள என்ன முகத்தோட நிண்டாய், மனே?